முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்

1

போன வாரம் எங்கள் நிலையத்தின் வகுப்பு அட்டவணை மின்னஞ்சலில் வந்தது. வருடா வருடம் வருவதுதான். என் பெயருக்கு நேரே வழக்கமான அந்த வகுப்பும் அதற்குப் பக்கத்தில் ஒரு தேதியும் இருந்தன. தேதியைப் பார்த்ததும் மடிக்கணினியை மூடிவிட்டுத் தேநீர் போட எழுந்து போய்விட்டேன். அக்கா இறந்து ஒரு வருடம் நிறைகிற நாள் அது. ஊரில் திதி பார்த்துக் கும்பிடுவார்கள். இங்கே சுவரில் தொங்குகிற காலண்டரில் திதி கிடையாது. அதனால் நான் தேதியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தில் உத்ரெக்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். நகராட்சி அதிகாரிகளுக்கும், நூலகம், முதியோர் இல்லம், தொண்டு நிறுவனம் என்று நடத்துகிறவர்களுக்கும் நிர்வாகப் பயிற்சி தருகிற ஒரு நிலையத்தில் வேலை. லாபம் பார்க்காத இடங்களை எப்படி ஒழுங்காக நடத்துவது என்று சொல்லித்தருவது எங்கள் பிழைப்பு. மதுரையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் இதே வேலையைச் சின்ன அளவில் பார்த்துக்கொண்டிருந்தவன், உதவித்தொகை கிடைத்துப் படிக்க வந்தேன். படிப்பு முடிந்தும் ஊர் போய்ச் சேரவில்லை.

என் வகுப்பின் பெயர் ‘கெட்ட செய்தியைச் சொல்வது’. ஆளை வேலையிலிருந்து நிறுத்துவது, ஒரு மையத்தை மூடுவது, எதிர்பார்த்த நிதி வராது என்று சொல்வது, இதையெல்லாம் ஒரு மேலாளர் எப்படிச் செய்ய வேண்டும் என்பது பாடம். டச்சுக்காரர்கள் இதற்கென்றே ஒற்றைச் சொல் வைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு அவர்களுக்கு இது முக்கியம். இதைச் சொல்லித்தர வாடிப்பட்டிக்காரன் ஒருவனைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை, எனக்குத்தான் தெரிகிறது.

என்னோடு வேலை பார்க்கிற மரியன், அட்டவணை வந்த அன்றைக்கே என் மேஜைக்கு வந்தாள். அந்தத் தேதி அவளுக்கு ஞாபகம் இருந்தது. உனக்குப் பதில் அந்த வகுப்பை நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இந்த நாட்டில் அது ஒரு பதிலே கிடையாது. ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. ஆனாலும் அவள் வற்புறுத்தாமல் போய்விட்டாள்.

2

வந்த புதிதில் இந்த மனிதர்களின் நேர்ப்பேச்சு எனக்குக் கொஞ்ச நஞ்சமாக வலிக்கவில்லை. உன் கட்டுரை சுமார்தான் என்று பேராசிரியர் முகத்துக்கு நேரே சொன்னார். உன் சட்டை உனக்குப் பொருத்தமாக இல்லை என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். நானும் என் பங்குக்கு வாய் குழறியிருக்கிறேன். பிறந்தநாள் வாழ்த்துக்கும் துக்கம் விசாரிப்பதற்கும் இவர்கள் மொழியில் இருக்கிற சொற்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி தொடங்கி ஒரே மாதிரி முடியும். தாயைப் பறிகொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பிய ஒரு பெண்ணின் கையைப் பிடித்து நான் மனமார வாழ்த்துச் சொல்லிவிட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அந்தக் கதை நிலையத்தில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிறகு அந்த நேர்ப்பேச்சே எனக்குப் பிடித்துப்போனது. அதற்கு அப்பாவின் சாவு காரணம்.

அப்பா வாதம் வந்து படுத்திருந்தார். ஒருநாள் அக்கா போன் பண்ணி, அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸாக இருக்கிறது, கிளம்பி வா என்றாள். ஓடினேன். விமான நிலையத்தில் காத்திருந்தபோது அவருக்கு மின்சாரச் சவர இயந்திரம் ஒன்று வாங்கினேன். கை நடுங்குகிற மனிதர், பிளேடு வைத்து இழுத்தால் கீறிவிடும் என்று யோசித்து வாங்கினேன். வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனேன். எங்கள் தெருமுனையில் கார் திரும்பியபோது சாமியானா பந்தலும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் தெரிந்தன. நான் ஆம்ஸ்டர்டாமில் சவர இயந்திரங்களில் நல்லதாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்துகொண்டிருந்தபோதே அப்பா ஐஸ் பெட்டிக்குள் இருந்திருக்கிறார்.

இது எங்கள் பக்கத்து வழக்கம் என்று உங்களுக்கே தெரியும். வெளியூரில் இருக்கிறவனுக்குச் சாவுச் சேதியைச் சாவாகச் சொல்ல மாட்டார்கள். சீரியஸ் என்பார்கள். தெரிந்தேதான் நானும் நம்பினேன். ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அத்தனை தூரம் என்னை முட்டாளாக்கிக் கூட்டிவந்துவிட்டாய் என்று அக்காவிடம் மாதக்கணக்கில் சரியாகப் பேசவில்லை. அம்மா நான் கல்லூரியில் இருந்தபோதே போய்விட்டாள். அப்பாவும் போனபிறகு பிறந்த வீடு என்று எனக்கு அக்காவையும் அவளுக்கு என்னையும் விட்டால் ஆள் இல்லை. கோபமும் எத்தனை நாள்தான் தாங்கும்.

இங்கே இந்த வகுப்பை எடுக்க ஆள் வேண்டும் என்று கேட்டபோது முதலில் கை தூக்கியவன் நான்தான். நேரில் போய்ச் சொல். முதல் வாக்கியத்திலேயே சொல். சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு எதிரில் இருப்பவரைப் பார். பாடம் இவ்வளவுதான், இதற்கு ஒரு காலைப் பொழுது முழுக்க ஆகும். சுற்றி வளைத்துப் பேசுகிறவர் காப்பாற்றுவது கேட்பவரை அல்ல, தன்னைத்தான் என்று வகுப்பில் அடித்துச் சொல்வேன். இவர்களுக்கு இது புதிதில்லை. தலையாட்டிவிட்டு மத்தியானம் நின்றுகொண்டே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுவிட்டுப் போவார்கள்.

3

சில வருடங்களுக்கு முன் விடுமுறையில் ஊருக்குப் போனபோது மதுரையில் என் பழைய நண்பர்கள் கேட்டுக்கொண்டதால் இதே வகுப்பைத் தமிழில் நடத்தினேன். பழங்காநத்தத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மாடி. வாசலில் என் படம் போட்ட ஃப்ளெக்ஸ், அதில் ‘அயல்நாட்டுப் பயிற்சியாளர்’ என்று எழுதியிருந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், எனக்குத் தெரியாத ஒருவர் என்னைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். மகளிர் குழுத் தலைவிகள், மாற்றுத்திறனாளிகள் பள்ளி நடத்துகிறவர்கள், இரண்டு மூன்று ஊராட்சிச் செயலர்கள் வந்திருந்தார்கள். கடைசிக்கு முந்தின வரிசையில் என் அக்கா பாண்டியம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

அக்கா உறவுக்காக வந்து உட்காரவில்லை, வேலை நிமித்தம் வந்திருந்தாள். வாடிப்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் பால்வாடிகள் நடத்துகிற தொண்டு நிறுவனத்தில் அவள் மேற்பார்வையாளர். எங்கள் அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நட்டு அறுத்தவர்கள். எங்கள் தெருவில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள். நான் படித்தது அவள் சம்பளத்தில். நான் கற்றுக்கொடுக்க வந்துவிட்டேன், அவள் நோட்டும் பேனாவுமாக எதிரே உட்கார்ந்திருக்கிறாள், எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது.

நடித்துக் காட்டுகிற பயிற்சி ஒன்று வைத்தேன். நிதி நின்றுபோனதால் ஒரு பால்வாடியை மூட வேண்டும், அங்கே வேலை பார்க்கிறவளிடம் அதைச் சொல்ல வேண்டும். அக்கா மேலாளர். ஈஸ்வரி என்ற பெண் பால்வாடிப் பணியாளர். ஈஸ்வரி உள்ளே வந்தாள். அக்கா அவளை உட்காரச் சொன்னாள், பிள்ளைகளை விசாரித்தாள், மாமியார் கால்வலியை விசாரித்தாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள். நான் கையைத் தட்டி நிறுத்தினேன். முதல் வாக்கியம் எங்கே என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது.

“இரு தம்பி. அவ இன்னும் சாப்பிடலைங்கிறா” என்றாள் அக்கா.

“நடிப்புதானக்கா இது.”

“நடிப்புன்னாலும் வெயில்ல நடந்து வந்திருக்காள்ல. சேதியக் கேட்டபெறகு அவளுக்குச் சோறு எறங்காது. ரெண்டு வாய் சாப்பிட்டான்னா கேக்கவாவது தெம்பு இருக்கும்.”

எனக்கு வாதாட வழி கிடைத்துவிட்டது. சுற்றி வளைப்பது யாரைக் காப்பாற்ற என்று தொடங்கி, வெளிநாட்டில் இருந்த ஒருவனுக்கு அவன் அப்பா இறந்ததை மறைத்த கதையை எடுத்துவிட்டேன். பெயர் சொல்லவில்லை. பெயர் சொல்லாவிட்டால் என்ன, நாங்கள் அக்கா தம்பி என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். சவர இயந்திரத்தைச் சொன்னதும் ஒரே சிரிப்பு. அக்காவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு மூன்று விதிகளையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

சாயங்காலம் அவளைப் பேருந்து ஏற்றிவிடப் போனேன். பேருந்து வந்ததும், ஏறுவதற்கு முன்னால் ஒன்று கேட்டாள். அப்பாவுக்காக நீ வந்தாயே, வழியில் இரண்டு வேளையாவது சாப்பிட்டாய்தானே என்றாள். சாப்பிட்டேன் என்றேன். அது போதும் என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

4

இங்கே சனிக்கிழமைகளில் சதுக்கத்தில் சந்தை போடுவார்கள். மொராக்கோக்காரர் ஒருவர் கடையில் மட்டும் கொத்தமல்லி கட்டுக் கட்டாகக் கிடைக்கும். அந்த வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது அக்காவின் போன் வந்தது.

“தம்பி, மொத வாக்கியத்துலயே சொல்லிர்றேன். எனக்குக் கேன்சர். ஈரல்ல பரவிருச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாள். பாடத்தை ஒரு குறையில்லாமல் செய்தாள். எதிரே இருக்கிறவர் முதலில் பேசட்டும், நீங்கள் அந்த மௌனத்தை நிரப்பாதீர்கள் என்று சொல்லித்தந்தவன் நான். கடைக்காரர் எத்தனை கட்டு என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டு மொழியும் போய்விட்டது. கடைசியில் வாயில் வந்தது ஒன்றுதான்.

“சாப்டியாக்கா?”

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். வாத்தியாருக்கு எத்தனை மார்க் போடுவது என்று கேட்டாள். நான் சந்தையின் நடுவில் நின்று அழுதேன், அவள்தான் என்னைத் தேற்றினாள்.

அவளுடைய ஒரே மகள் நிவேதா அந்த வருடம்தான் ஜெர்மனியில் ஆகன் என்ற ஊருக்கு மேல்படிப்புக்கு வந்திருந்தாள். எங்கள் வீட்டிலிருந்து மூன்று ரயில் மாறினால் ஆகன். நோயைப் பற்றி மகளிடம் தானே சொல்லிவிடுவதாக அக்கா சொன்னாள், சொல்லவும் செய்தாள். எனக்கு வேறு வேலை வைத்திருந்தாள்.

“கடைசிச் சேதி வந்துச்சுன்னா நீதான் அவகிட்டச் சொல்லணும். அவுக அப்பா போன்ல அழுகத்தான் செய்வாரு. ஒத்தையில இருக்க புள்ள. நீ நேர்ல போய்ச் சொல்லு. எப்படிச் சொல்றதுன்னு ஒனக்குத் தெரியும், நீதான வாத்தியாரு.”

சரி என்றேன். அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பிழைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

5

நடுவில் நான் ஒருமுறை போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன். நிவேதாவால் முடியவில்லை. அவளுடைய குடியிருப்பு அட்டை காலாவதியாகிப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தாள். அது கையில் இல்லாமல் ஜெர்மனியை விட்டுப் போனால் திரும்பி உள்ளே விட மாட்டார்கள். அவசரம் என்றால் தற்காலிகத் தாள் ஒன்று தருவார்கள். அவசரம் என்பதற்குச் சான்று கேட்டார்கள். மதுரை டாக்டர் எழுதிக்கொடுத்த சான்றிதழை அனுப்பினாள். ஜெர்மன் மொழியில் வேண்டும் என்றார்கள், அதுவும் அரசு அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளர் முத்திரையோடு. முத்திரை வாங்கிக்கொண்டு போனால் சான்றிதழ் பழையதாகிவிட்டது, புதியது வேண்டும் என்றார்கள். அந்த அலுவலகத்தில் இருந்த பெண் கெட்டவள் இல்லை. உங்கள் அம்மா குணமாகட்டும் என்று சொல்லித்தான் திருப்பி அனுப்பினாளாம்.

ஒருவழியாகத் தாள் வந்தது. அடுத்த வாரத்துக்கு டிக்கெட் போட்டாள். அம்மாவிடம் வீடியோவில் டிக்கெட்டைக் காட்டினாளாம். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தாளாம்.

நாங்கள் காலைச் சாப்பாட்டு மேஜையில் இருந்தபோது அத்தான் கூப்பிட்டார். அத்தான் என்றால் அக்கா வீட்டுக்காரர் முருகேசன். வாடிப்பட்டியில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். அதிகம் பேசத் தெரியாத மனிதர். அக்கா போய்விட்டாள் மாப்ள என்றார், அதற்கு மேல் அவரால் முடியவில்லை. கொஞ்சம் கழித்து, பாப்பாவிடம் நீ சொல்லிவிடுவாயல்லவா, அவள் கூப்பிட்டால் நான் எடுக்க மாட்டேன் என்றார்.

என் மகன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். “அத்தை செத்துட்டாளா?” என்று கேட்டான். அவனிடம் இருக்கிற தமிழில் அதற்கு அந்த ஒரு சொல்தான் உண்டு. என் மனைவி அவனை அதட்டினாள். பெரியவர்களை அப்படிச் சொல்லக் கூடாது என்றாள். அவன் புரியாமல் என்னைப் பார்த்தான். அத்தையை அவன் மொத்தமே நான்கைந்து தடவைதான் பார்த்திருக்கிறான். எழுந்து வந்து டச்சில் மன்னிப்புக் கேட்டுவிட்டு என் தோளைக் கட்டிக்கொண்டான்.

சொந்தக்காரர்களிடம் நாங்கள் வந்து சேருகிற வரை கண்ணீர் அஞ்சலிப் படம் எதையும் வாட்ஸப்பில் போட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். வழியெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். நிவி, அம்மா இறந்துட்டாங்க. அம்மா போயிட்டாங்க நிவி. அம்மா தவறிட்டாங்கம்மா. ஜன்னல் பக்கம் திரும்பி உதட்டை அசைத்துக்கொண்டிருந்த என்னை எதிர் இருக்கைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். வருடக்கணக்காக மற்றவர்களைப் பயிற்றுவித்த வாக்கியம், எனக்கு வாயில் நிற்கவில்லை.

விடுதி அறைக் கதவைத் தட்டினேன். திறந்தாள். தலைக்குக் குளித்து ஈரத்துண்டோடு நின்றாள். அக்காவின் நெற்றி, அக்காவின் புருவம். என்னைப் பார்த்ததும் ஒரு நொடி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“வாங்க மாமா” என்றாள்.

“அம்மாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கு நிவி. கிளம்பலாம்.”

அதைச் சொன்னது நான்தான். என் அப்பா சாவுக்கு அக்கா சொன்ன அதே வாக்கியம், அப்பாவுக்குப் பதில் அம்மா என்று மாறி அப்படியே வந்தது.

சரி மாமா என்றாள் நிவேதா. ஈரத்துண்டை உதறி நாற்காலியில் போட்டாள். பிறகு, நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். அடுப்பில் எலுமிச்சைச் சாதம் இருந்தது, தட்டில் போட்டுக் கொடுத்தாள். அவள் பையில் துணி அடுக்குகிற வரைக்கும் நான் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாவம், இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

6

அந்தப் பயணத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. சாப்பாடு வந்தபோது அவள் என் தட்டின் அலுமினிய மூடியையும் பிரித்து வைத்தாள். சாப்பிடுங்கள் மாமா, நானும் சாப்பிடுகிறேன் என்றாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம். அவள் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா சாவுக்கு வந்தபோது நானும் இப்படித்தானே தின்றுகொண்டு வந்திருப்பேன், என் முகத்தை யாரும் பார்க்கவில்லை, இந்த முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன். சுற்றி வளைப்பவர் காப்பாற்றுவது தன்னைத்தான் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். முதல் தடவை, அம்மா உங்களுக்குச் சைக்கிள் பழக்கியபோது கண்மாய்க் கரையில் தள்ளிவிட்டார்களாமே என்று அவள் கேட்டாள். அந்தக் கதையைச் சொன்னேன். இரண்டாவது தடவை தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். குடித்தேன்.

சென்னையில் மதுரை விமானத்துக்குக் காத்திருந்தபோது இட்லி வாங்கி வந்தாள். நான் வேண்டாம் என்றும் விடவில்லை. ஒரு விஷயம் மட்டும் என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அத்தனை நேரத்தில் ஒரு தடவைகூட அவள் வீட்டுக்குப் போன் பண்ணவில்லை. அம்மா எப்படி இருக்கிறாள் என்று யாரிடமும் கேட்கவில்லை. போனைப் பைக்குள்ளிருந்து எடுக்கவே இல்லை. சின்னப் பிள்ளை, பயந்துபோயிருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

7

மதுரையில் இறங்கும்போது நண்பகல் தாண்டியிருந்தது. டாக்ஸி பிடித்தோம். வாடிப்பட்டிக்கு ரிங் ரோட்டில் போனால் சீக்கிரம் போய்விடலாம். நான் டிரைவரிடம் பழங்காநத்தம் வழியாகப் போகச் சொன்னேன்.

எனக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்தாக வேண்டும். அது வந்து சாத்திய பிறகுதான் எடுப்பார்கள். அக்காவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது நான் ஒருவன். ஐஸ் பெட்டியில் அவள் எனக்காகவும் மகளுக்காகவும் காத்துக்கொண்டிருந்தாள், நான் கொண்டுபோகிற சேலைக்காகவும்தான். வெறுங்கையோடு போய் நிற்க முடியாது. ஊர் எல்லைக்குப் போவதற்குள் எப்படியும் இவளிடம் சொல்லியாக வேண்டும். சேலையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டால் பிறகு சொல்ல ஒரு தைரியம் வரும் என்று நினைத்தேன்.

வகுப்பு நடத்திய அதே மண்டபத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஜவுளிக்கடை. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.

“தண்ணி பாட்டில் வாங்கிட்டு வந்துர்றேன் நிவி. நீ வண்டியிலயே இரு.”

அவள் அந்தப் பக்கக் கதவைத் திறந்து இறங்கினாள். கழுத்தில் கிடந்த துப்பட்டாவைச் சரியாகப் போட்டுக்கொண்டாள்.

“கோடிச் சேலை எடுக்கத்தான மாமா? நானும் வாரேன். அம்மாவுக்கு எது பிடிக்கும்னு ஒங்களுக்குத் தெரியாது.”

வெயில் மண்டையைப் பிளந்தது. நான் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டேன். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன்.

“கதவத் தெறந்தப்பவே தெரியும். அம்மா உசிரோட இருந்திருந்தா போன்லதான் சொல்லியிருப்பீங்க. ஏர்போர்ட்டுக்கு ஓடுன்னு சொல்லியிருப்பீங்க. நீங்க மூணு ரயில் மாறி நேர்ல வந்தீங்க.” துப்பட்டா நுனியால் முகத்து வேர்வையைத் துடைத்தாள். “நேர்ல போகணும், மொத வாக்கியத்துல சொல்லணும், சொல்லிட்டுச் சும்மா இருக்கணும். ஒங்க கிளாஸ அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க மாமா.”

“அப்புறம் ஏன்டா ஒரு வார்த்தை கேக்கல?”

“கேட்டா நீங்க ஒடைஞ்சிருவீங்க. அதுக்கப்பறம் ஒரு வாய் சாப்பிட மாட்டீங்க. இங்க வந்து எல்லாத்தயும் நீங்கதான செய்யணும்.”

அவளுக்கு அழுகை வரவில்லை. வழியெல்லாம் எங்கே வைத்து அழுதாளோ, கழிப்பறையிலோ, நான் கண்ணயர்ந்த நேரத்திலோ, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. நான் அவளுக்குச் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்ததை அவள் எனக்குச் செய்துகொண்டு வந்திருக்கிறாள்.

கடைக்குள் விசிறிக் காற்று. மேஜைக்குப் பின்னால் நின்ற வயதான விற்பனையாளர் சிரித்த முகமாக நாலைந்து சேலைகளை எடுத்து விரித்துப்போட்டார். கல்யாணச் சேலையா, வளைகாப்புக்கா, என்ன விசேஷம் பாப்பா என்று கேட்டார்.

“எங்க அம்மா இறந்துட்டாங்க. அவங்களுக்கு” என்றாள் நிவேதா.

அந்த வாக்கியத்தை அதுவரை நாங்கள் இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை. விரித்த சேலைகளைப் பெரியவர் மெதுவாக மடித்து ஓரமாக வைத்தார். ஒரு ஸ்டூலை இழுத்து என் பக்கம் தள்ளிவிட்டார். நான் உட்கார்ந்து, ஜவுளிக்கடை என்றும் பார்க்காமல், கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். என் தலைக்கு மேலே அவள் நிறம் சொல்வது கேட்டது. இது வேண்டாம், பளபளப்பு அம்மாவுக்குப் பிடிக்காது, அந்த வெங்காயக் கலரைக் காட்டுங்கள் என்றாள். அவள் இடது கை என் தோளிலேயே இருந்தது.

சேலையை அவளே மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். தெருமுனையில் பந்தல் தெரிந்ததும் என்னிடம் கொடுத்தாள். நான் இறங்கி முன்னால் நடந்தேன்.

இதெல்லாம் போன வருடம். நிவேதா படிப்பை முடித்துவிட்டு ஆகனிலேயே வேலைக்குப் போகிறாள். மாதம் ஒரு முறை வருவாள், என் மகனோடு டச்சும் ஜெர்மனுமாகச் சண்டை போட்டுவிட்டுப் போவாள். அந்தத் தேதிக்கும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

மரியனுக்கு நேற்றுத்தான் பதில் சொன்னேன். வகுப்பை நானே எடுக்கிறேன் என்றேன். விதிகளை மாற்றப் போகிறாயா என்று கேட்டாள். இல்லை, அவை சரியான விதிகள்தான் என்றேன். வகுப்பைக் காலையிலிருந்து மாற்றி, எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.